அடையாளம் தெரியாத கோப்பும் அதைத் திறக்கும் கருவிகளும்: பைன்யூட்டில்ஸ், எல்எல்விஎம் மதிப்புரை

மூலநிரலைத் தராமல், கம்பைல் செய்து (இயந்திர நிரலாக மாற்றி) முடித்த லைப்ரரியை ஒரு ஹெடர் கோப்போடு அனுப்பிவைத்து, "இதை உங்கள் புரோகிராமோடு இணைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது எம்பெடட் (சாதனங்களுக்குள் பதிக்கப்பட்ட சிறு கணினிகள்) துறையில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன சங்கதி. இணைந்துவிட்டால் அந்த லைப்ரரியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இணையாமல் முரண்டு பிடிக்கும்போதுதான் அது எந்தச் செயலிக்காக, எந்தக் கம்பைலரால், எந்த வடிவத்தில் ஆக்கப்பட்டது என்ற கேள்விகள் வரிசையாக எழுகின்றன. அவற்றுக்கு விடை சொல்லவேண்டிய கருவிகளில் பரவலாகப் புழங்கும் இரண்டு தொகுப்புகளை, அதாவது குனு பைன்யூட்டில்ஸையும் எல்எல்விஎம் திட்டத்தோடு வரும் கருவிகளையும், இந்த ஒரே வேலைக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கின்றன என்ற கோணத்தில் இங்கே மதிப்பிடுகிறேன். டெபியன் 12 இல் கிடைக்கும் பைன்யூட்டில்ஸ் 2.40, எல்எல்விஎம் 14 ஆகிய பதிப்புகளே பெரும்பாலும் என் பயன்பாட்டில் இருப்பவை. இலவசமாகக் கிடைப்பவற்றுக்கு மதிப்புரை எதற்கு என்று தோன்றலாம். ஆனால் தவறான கருவியோடு மல்லுக்கட்டிச் செலவாகும் நேரம் இலவசமில்லை.

கோப்பு ஒழுங்காக இருக்கும்போது இரண்டு தொகுப்புகளும் ஏறக்குறைய ஒரே விடையைத்தான் தருகின்றன; சிம்பல்களை (செயற்கூறு, மாறிகளின் பெயர்களை) பட்டியலிடுவதிலோ செக்‌ஷன்களைக் காட்டுவதிலோ இவற்றுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. கோப்பைப் படிக்க முடியாதபோது அவை என்ன சொல்கின்றன என்பதில்தான் தரம் வெளிப்படுகிறது. "ஃபைல் ஃபார்மட் நாட் ரெகக்னைஸ்டு" என்ற பைன்யூட்டில்ஸின் புகழ்பெற்ற ஒற்றை வரியைப் பார்த்து நொந்துபோகாத புரோகிராமர் இருக்க மாட்டார். வேறு இயங்குதளத்தின் வடிவம், கம்பைலரின் இடைநிலை மொழியில் நின்றுவிட்ட கோப்பு, பாதியில் அறுந்த பதிவிறக்கம், வெறும் உரைக்கோப்பு என்று ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத காரணங்களுக்குப் பெரும்பாலும் அந்த ஒரே வரிதான் பதில். எல்எல்விஎம் கருவிகளும் தம் பங்குக்கு "இது செல்லத்தக்க ஆப்ஜெக்ட் கோப்பாக அடையாளம் காணப்படவில்லை" என்று சொல்லிக் கைகழுவும் இடங்கள் உண்டு. (ஆப்ஜெக்ட் கோப்பு என்பது ஒரு மூலக்கோப்பைக் கம்பைல் செய்து கிடைக்கும், இன்னும் இணைக்கப்படாத கோப்பு.) எந்தக் கருவி எத்தனை இடங்களில் இதைத் தாண்டிச் சென்று, தான் கண்டது என்ன என்று சொல்கிறது என்பதையே என் அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

முதலில், இரண்டு தொகுப்புகளுமே தோற்கும் இடம். லைப்ரரி என்ற பெயரில் இருக்கும் கோப்பு லைப்ரரியே இல்லாமல் இருப்பது நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. லினக்ஸில் சி மொழியின் பொது லைப்ரரியான லிப்சியின் பெயரோடு, டாட் எஸ்ஓ என்று முடியும் கோப்பைத் திறந்தால், அது கோப்புகளை ஒரே புரோகிராமாக இணைக்கும் லிங்கருக்கான சில வரிக் கட்டளைகளைக் கொண்ட உரைக்கோப்பு என்று தெரியும். 64 பிட் இன்டெல் கணினிகளில் கணித லைப்ரரியின் டாட் ஏ கோப்பும் (பல ஆப்ஜெக்ட் கோப்புகளைக் கட்டிவைக்கும் வகை) அப்படித்தான். உண்மையான இரண்டு லைப்ரரிகளின் பெயர்களைச் சொல்லி, "அங்கே போய்ப் பார்" என்று லிங்கரை அனுப்பிவிடுகிறது. லிங்கர் அதைப் புரிந்துகொள்ளும், சிம்பல் காட்டும் என்எம் கட்டளை புரிந்துகொள்ளாது. ஆப்பிள் உலகில் இதே வேலையைச் செய்வது டிபிடி என்று முடியும் உரைக்கோப்பு. 2020 இல் வந்த மேக்ஓஎஸ் 11 முதல் அமைப்பின் லைப்ரரிகள் தனிக்கோப்புகளாக வட்டில் இருப்பதே இல்லை, எல்லாம் ஒரு பொதுக் கேஷுக்குள் கட்டிவைக்கப்பட்டுள்ளன. பெரிய கோப்புகளை வேறிடத்தில் வைத்து, சுட்டியை மட்டும் தரும் ஜிட் எல்எஃப்எஸ் பயன்படுத்தும் களஞ்சியத்திலிருந்து எடுத்த லைப்ரரி மூன்றே வரி உரையாக வந்து நிற்பது இன்னொரு வகை. இவற்றில் டிபிடி கோப்பை மட்டும் எல்எல்விஎம்மின் என்எம் படித்துவிடுகிறது. மற்றவற்றுக்கு இரண்டு தொகுப்பிலும் அதே கைவிரிப்புதான். பைன்யூட்டில்ஸின் ரீட்எல்ஃப் மட்டும், இது எல்ஃப் (லினக்ஸின் ஆப்ஜெக்ட் வடிவம்) கோப்பு இல்லை, தொடக்கத்தில் இருக்கும் அடையாள பைட்டுகள் தவறு என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறது. ஆகவே எந்தக் கருவியை எடுப்பதற்கு முன்னும் ஃபைல் கட்டளையை ஓட்டிப் பார்த்துவிடுவது உத்தமம். அது "ஆஸ்கி டெக்ஸ்ட்" என்று சொல்லிவிட்டால் விவகாரம் அங்கேயே முடிந்தது.

உண்மையான டாட் ஏ கோப்பு என்றால், அதன் முதல் 8 பைட்டுகளில் ஆச்சரியக்குறியும், கோணக் குறிகளுக்குள் ஆர்ச் என்ற நான்கு எழுத்துகளும், ஒரு வரிமுறிவும் இருக்கும். அதன்பின் ஒவ்வொரு உறுப்புக்கோப்புக்கும் 60 பைட் நீளமுள்ள தலைப்பு ஒன்று வரும். பெயருக்கு 16, நேரத்துக்கு 12, பயனருக்கும் குழுவுக்கும் ஆறாறு, அனுமதிக்கு 8, அளவுக்கு 10, முடிவுக் குறிக்கு 2 பைட்டுகள். எல்லாமே கண்ணால் படிக்கக்கூடிய எழுத்துகளாக இருப்பதால், ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தாலே பாதிக் கதை புரிந்துவிடும். இவ்வளவு எளிய வடிவத்தில் சிக்கல் எங்கிருந்து வருகிறது என்றால், 16 பைட்டுக்குள் அடங்காத பெயர்களை எங்கே வைப்பது என்பதில் குனு மரபும் பிஎஸ்டி மரபும் பிரிந்துபோனதிலிருந்து வருகிறது. குனு மரபில் நீண்ட பெயர்கள் எல்லாம் இரட்டைச் சாய்கோட்டைப் பெயராகக் கொண்ட ஒரு தனி உறுப்பில் சேர்த்து வைக்கப்பட்டு, தலைப்பில் ஒரு சாய்கோடும் அந்தப் பெயர் தொடங்கும் இடத்தின் எண்ணும் மட்டும் எழுதப்படும். பிஎஸ்டி மரபிலோ தலைப்பில் "#1/20" என்பதுபோல் ஒரு குறிப்பு இருக்கும்; பெயர் தரவின் முதல் 20 பைட்டுகளில் கிடக்கும், தலைப்பில் சொல்லப்படும் அளவும் அந்த 20 ஐச் சேர்த்தே சொல்லப்படும். இதை அறியாமல் எழுதப்பட்ட பார்சர் (கோப்பைப் பிரித்துப் படிக்கும் நிரல்), 60 பைட்டுகளைத் தாண்டியவுடன் ஆப்ஜெக்ட் கோப்பு தொடங்கும் என்று நம்பி, அங்கே கோப்பின் பெயரைக் கண்டு, "வடிவம் தெரியவில்லை" என்று நின்றுவிடும். சொந்தமாகப் பார்சர் எழுதியவர்களின் குறைகளில் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான். இரண்டு தொகுப்புகளிலும் டாட் ஏ கோப்புகளைக் கையாளும் ஏஆர் கட்டளைகள் இரு மரபுகளையும் தடங்கலின்றிப் படிக்கின்றன.

எழுதும்போதுதான் தகராறு. மேக் கணினியில் குனு ஏஆர் கொண்டு லைப்ரரியைக் கட்டினால், சிம்பல் அட்டவணை ஒற்றைச் சாய்கோட்டுப் பெயரில் போய் உட்காரும். ஆப்பிளின் லிங்கர் அதை ஓர் ஆப்ஜெக்ட் கோப்பாகவே கருதி, "'/' என்ற உறுப்பு மாக்-ஓ கோப்பு அல்ல" என்று நிராகரித்துவிடும் (மாக்-ஓ என்பது ஆப்பிளின் ஆப்ஜெக்ட் வடிவம்). மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்பிரூ வழியாகப் பைன்யூட்டில்ஸை நிறுவினாலும் அதன் கட்டளைகள் தானாகப் பாதையில் சேராமல் ஒதுக்கி வைக்கப்படுவதற்கு, ஆப்பிளின் சொந்தக் கருவிகளை அவை மறைத்துவிடக் கூடாது என்பதே காரணம். எல்எல்விஎம்மின் ஏஆரில் குனு, பிஎஸ்டி, டார்வின் (ஆப்பிளின் வகை) என்று எந்த மரபில் எழுதவேண்டும் என்பதை நாமே சொல்ல ஒரு விருப்பம் இருக்கிறது. பல இயங்குதளங்களுக்கு ஒரே கணினியில் கட்டுபவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே அதைப் பரிந்துரைக்கலாம். தின் ஆர்க்கைவ் என்ற ஒரு வகையையும் சொல்லியாகவேண்டும். லினக்ஸ் கெர்னலைக் கட்டும்போது இடையில் உருவாகும் லைப்ரரிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. கோப்புகளின் உள்ளடக்கம் இல்லாமல் அவற்றின் பாதைகளை மட்டும் வைத்திருக்கும் இதை வேறு கணினிக்கு நகலெடுத்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது. தொடக்க எழுத்துகளில் ஆர்ச்சுக்குப் பதில் தின் என்று இருப்பதைப் பார்த்தாலே விஷயம் பிடிபட்டுவிடும்.

இனி ஆப்ஜெக்ட் கோப்புக்குள் போகலாம். பைன்யூட்டில்ஸில் ஆப்ஜெக்ட் கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் ஆப்ஜ்டம்ப், அத்தோடு என்எம், ஏஆர் ஆகியவை பிஎஃப்டி என்ற பொது லைப்ரரியின் மேல் நிற்பவை. எந்தெந்த வடிவங்களைப் படிக்கவேண்டும் என்பது பிஎஃப்டியைக் கட்டும்போதே முடிவாகிவிடுகிறது. 64 பிட் இன்டெல் டெபியனில் கிடைக்கும் வழக்கமான ஆப்ஜ்டம்ப்பிடம், 64 பிட் ஆர்ம் செயலிக்கான எல்ஃப் கோப்பைக் கொடுத்தால், இது எல்ஃப், 64 பிட், லிட்டில் எண்டியன் (சிறுமதிப்பு பைட் முதலில்) என்பதுவரை சரியாகச் சொல்லிவிட்டு, செயலி என்ற இடத்தில் "அன்னோன்" என்று பெரிய எழுத்தில் எழுதி, ஆச்சரியக்குறியும் போடும். இதில் எரிச்சல் என்னவென்றால், செயலியின் எண் கோப்பின் 18 ஆவது பைட்டிலிருந்து இரண்டு பைட்டுகளில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. 62 என்றால் 64 பிட் இன்டெல், 40 என்றால் 32 பிட் ஆர்ம், 183 என்றால் 64 பிட் ஆர்ம், 243 என்றால் ரிஸ்க்-வி. எண்ணைப் படித்துவிட்டு, "என்னிடம் இந்தச் செயலிக்கான ஆதரவு இல்லை" என்று சொல்வதற்கு அதிகம் மெனக்கெடத் தேவையில்லை. பைன்யூட்டில்ஸ்-மல்டிஆர்ச் என்ற தொகுப்பை நிறுவினால் இந்தக் குறை பெருமளவு தீரும். ஆனால் அப்போது ஒரே கோப்பு பல வடிவங்களுக்குப் பொருந்துவதாக எண்ணி, "வடிவம் தெளிவில்லை, பொருந்துபவை இவை" என்று ஒரு பட்டியலை நீட்டும் புதிய தொல்லை சில கோப்புகளில் முளைக்கிறது. தன்னிடம் உள்ள கருவிக்கு என்னென்ன வடிவங்கள் தெரியும் என்பதை ஆப்ஜ்டம்ப்பின் இன்ஃபோ விருப்பம் காட்டும். அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவைப்பது வீண்போகாது.

இதே தொகுப்பில் இருக்கும் ரீட்எல்ஃப் வேறு சாதி. அது கோப்பைப் படிக்க பிஎஃப்டியை நம்பியிருக்கவில்லை என்பதால், எந்தச் செயலிக்கான எல்ஃப் கோப்பைக் கொடுத்தாலும் தலைப்பைப் பிரித்துச் சொல்லிவிடும். டாட் ஏ கோப்பைக் கொடுத்தால் ஒவ்வோர் உறுப்பின் தலைப்பையும் தனித்தனியாகக் காட்டும். அதில் மெஷின் என்ற வரிகளை மட்டும் வடிகட்டி எண்ணினால், நூற்றுக்கணக்கான உறுப்புகளுக்கு நடுவே ஓரிரண்டு மட்டும் வேறு செயலிக்காக ஆக்கப்பட்டிருப்பதும் சிக்கிவிடும். ஒரு சில்லு நிறுவனம் கார்டெக்ஸ்-எம்4 செயலிக்காக அனுப்பிய லைப்ரரியை இணைத்தபோது, என் ஆப்ஜெக்ட் கோப்பு விஎஃப்பி ரிஜிஸ்டர்களில் மதிப்புகளை அனுப்புகிறது, லைப்ரரி அனுப்புவதில்லை என்று லிங்கர் மறுத்தது. செயலி ஒன்றுதான், எல்ஃப் தலைப்பில் செயலியின் எண்ணும் அதே 40 தான். ரீட்எல்ஃபின் பெரிய எழுத்து ஏ விருப்பத்தைக் கொடுத்தவுடன் என் கோப்பில் இருந்த விஎஃப்பி குறித்த ஏபிஐ வரி அந்த லைப்ரரியின் உறுப்புகளில் இல்லை என்பது பளிச்சென்று தெரிந்தது. மிதவைப்புள்ளி எண்களை எந்த ரிஜிஸ்டரில் அனுப்புவது என்ற உடன்பாட்டில் இரு தரப்பும் பிரிந்திருந்தன. இணைத்து ஓட்டியிருந்தால் கணக்குகள் எல்லாம் தாறுமாறாகியிருக்கும். அனுப்பியவர்களுக்கு அந்த ஒரு வரியை எடுத்துக் காட்டியபின் சரியான கட்டுமானம் வந்து சேர்ந்தது. எல்எல்விஎம்மிலும் இதற்கு இணையான விருப்பம் உண்டு என்றாலும், இரண்டு கோப்புகளை அருகருகே வைத்து ஒப்பிட ரீட்எல்ஃபின் அடக்கமான வெளியீடுதான் எனக்கு வசதியாக இருக்கிறது.

எல்எல்விஎம் தொகுப்பின் பலம், வடிவங்களைப் பார்த்து மிரளாமல் இருப்பது. எல்ஃப், மாக்-ஓ, விண்டோஸின் காஃப், வெப்அசெம்ப்ளி என்று எதைக் கொடுத்தாலும் அதன் ரீட்ஆப்ஜ் கட்டளை முதல் சில வரிகளில் வடிவம், செயலி, முகவரி அளவு ஆகியவற்றைச் சொல்லிவிடும். ஆப்பிளின் பல செயலிகளுக்குமான கூட்டுக் கோப்பின் முதல் 4 பைட்டுகளும் ஜாவா வகுப்புக் கோப்பின் முதல் 4 பைட்டுகளும் ஒன்றேதான் என்ற பழைய வேடிக்கையும் இங்கே வரும். அடுத்த 4 பைட்டுகள் கூட்டுக் கோப்பில் செயலிகளின் எண்ணிக்கை, ஜாவாவில் பதிப்பு எண். ஜாவாவின் பதிப்புகள் 45 இலிருந்து தொடங்குவதால், சிறிய எண் என்றால் ஆப்பிள் என்று ஊகிப்பதே வழக்கம். ஊகம்தான், ஆனாலும் காலை வாராத ஊகம்.

பிழைச் செய்தி எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு எல்எல்விஎம்மிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைத் தரலாம். கிளாங் கம்பைலரில் இணைப்புநேர உகப்பாக்கத்தைப் போட்டுக் கட்டினால், டாட் ஓ கோப்புக்குள் இயந்திர நிரலுக்குப் பதிலாக எல்எல்விஎம்மின் இடைநிலை மொழியான பிட்கோட் இருக்கும். அதைப் படிக்கும் கருவி கம்பைலரைவிடப் பழையதாக இருந்தால், தனக்குத் தெரியாத பண்பின் எண்ணைச் சொல்லி, அதே வரியில், ஆக்கியது எல்எல்விஎம் 17, படிப்பது எல்எல்விஎம் 14 என்று இரு பதிப்புகளையும் காட்டிவிடுகிறது. அதற்குப்பின் மண்டையை உடைத்துக்கொள்ள எதுவும் இல்லை; புதிய பதிப்பை நிறுவவேண்டும், அவ்வளவுதான். குனு கம்பைலரான ஜிசிசியும் தன் இடைநிலைக் கோப்பின் பதிப்பு பொருந்தாதபோது எதிர்பார்த்த எண்ணையும் வந்த எண்ணையும் சேர்த்தே சொல்கிறது. ஜிசிசியின் இவ்வகைக் கோப்பை வெறும் என்எம்மிடம் கொடுத்தால், எல்டிஓ (இணைப்புநேர உகப்பாக்கம்) கோப்பைக் கையாள பிளகின் தேவை என்று பதில் வரும். ஜிசிசி-என்எம், ஜிசிசி-ஏஆர் என்ற பெயர்களில் உள்ள கட்டளைகள் அந்தப் பிளகினைத் தாமே ஏற்றிக்கொள்கின்றன. லைப்ரரியை வெளியே அனுப்புகிறவர்கள் இயந்திர நிரலையும் சேர்த்து வைக்கும் ஃபேட் எல்டிஓ விருப்பத்தோடு கட்டி அனுப்பினால், பெறுகிறவர்கள் அவர்களை வாழ்த்துவார்கள்.

கருவி பழசாகிப்போவதால் வரும் தொந்தரவுகள் இன்னும் உண்டு. 2016 ஜனவரியில் வந்த பைன்யூட்டில்ஸ் 2.26, 64 பிட் இன்டெலுக்கு இரண்டு புதிய ரீலொகேஷன் (லிங்கர் பின்னர் நிரப்பவேண்டிய முகவரிக் குறிப்பு) வகைகளை அறிமுகப்படுத்தியது. அதற்குமுன் வந்த 2.25 பதிப்போடு நின்றுவிட்ட கணினிகளில் புதிய லைப்ரரியை இணைத்தவர்களுக்கு, அடையாளம் தெரியாத ரீலொகேஷன், எண் 42 என்ற செய்தி வந்தது. லிங்கர் அந்த எண்ணை 16 அடிமானத்தில் எழுதியதால் தேடிப் பார்ப்பதும் கடினமாக இருந்தது. பிழை லைப்ரரியில் இருப்பதாக நினைத்து அதைத் திரும்பத் திரும்பக் கட்டிப் பார்த்தவர்கள் ஏராளம். பிந்தைய பதிப்புகளில் இதே இடத்தில், "இந்த லிங்கர் காலாவதியாகிவிட்டதா?" என்று தன் பதிப்பு எண்ணையும் சொல்லித் தன்னையே சந்தேகித்துக்கொள்ளும் ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார்கள். பைன்யூட்டில்ஸில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி அது. டீபக் (பிழைதேடும்) தகவலுக்கான டுவார்ஃப் 5 தரம் 2017 பிப்ரவரியில் வெளிவந்து, 2021 இல் ஜிசிசி 11 அதை இயல்பாக ஆக்கியபோதும் இதே நாடகம் நடந்தது. பழைய கருவிகள் சில, கையாளத் தெரியாத ஃபார்ம் எண் என்று புலம்பினவே தவிர, டுவார்ஃப் 5 என்ற பெயரைச் சொல்லவில்லை. டுவார்ஃப் 4 இல் கட்டித் தரும்படி கேட்பது இதற்கு உடனடித் தீர்வு.

விண்டோஸ் பக்கம் இரண்டு தொகுப்புகளுக்குமே சற்றுத் தள்ளாட்டம்தான். காஃப் ஆப்ஜெக்ட் கோப்புக்கு எல்ஃப் போல் தனி அடையாள எழுத்துகள் கிடையாது. முதல் இரண்டு பைட்டுகள் நேரே செயலியின் எண். அந்த இடத்தில் பூச்சியமும், அடுத்த இரண்டு பைட்டுகளில் 65535 ம் இருந்தால் அது சாதாரணக் காஃப் இல்லை என்று பொருள். அடுத்து வரும் பதிப்பு எண் பூச்சியமானால் டிஎல்எல்லின் ஒரு சிம்பலைச் சுட்டும் இறக்குமதிக் குறிப்பு. அதற்கு மேற்பட்டால், 65,279 செக்‌ஷன்கள் என்ற வழக்கமான வரம்பைத் தாண்டுவதற்கான பிக்ஆப்ஜ் வடிவமாகவோ, மைக்ரோசாஃப்ட் கம்பைலரின் ஜிஎல் விருப்பத்தில் கட்டிய இடைநிலைக் கோப்பாகவோ இருக்கலாம். முதல் இரண்டையும் எல்எல்விஎம்மும் பைன்யூட்டில்ஸும் படிக்கின்றன. மூன்றாவதை மைக்ரோசாஃப்டின் சொந்த டம்ப்பின் கருவியே "அனானிமஸ் ஆப்ஜெக்ட்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அடுத்த பதிப்புக் கம்பைலர் இவ்வகைக் கோப்பைப் படிக்கும் என்ற உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே எச்சரிப்பதால், இப்படிக் கட்டிய லைப்ரரியை வெளியாருக்குக் கொடுப்பது முறையாகாது. எல்எல்விஎம்மின் லிங்கர் மட்டும் இதைக் கண்டவுடன், "இது இயல்பான காஃப் கோப்பு அல்ல, ஜிஎல் இல்லாமல் மறுபடி கம்பைல் செய்து பாருங்கள்" என்று வழியும் சொல்கிறது. ஆப்ஜெக்ட் கோப்பைப் பார்ப்பதற்கென்றே இருக்கும் கருவிகளைவிட லிங்கர் தெளிவாகப் பேசுவது ஒரு முரண்தான்.

கட்டளைகளை விட்டு, சொந்தப் புரோகிராமுக்குள் இந்த வேலையைச் செய்யவேண்டியவர்களுக்குச் சுருக்கமாக இரண்டு வார்த்தை. பிஎஃப்டியை நேரடியாக இணைப்பதை நான் தவிர்ப்பேன். அதன் இடைமுகம் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது, ஜிபிஎல் உரிமமும் எல்லா நிறுவனங்களுக்கும் ஒத்துவராது. எல்எல்விஎம்மின் உரிமம் தாராளமானது, ஆனால் ஒரு தலைப்பைப் படிப்பதற்காக அவ்வளவு பெரிய லைப்ரரியைச் சுமப்பது அதிகம். பைத்தானில் எல்ஃபும் டுவார்ஃபும் மட்டும் போதுமென்றால் பைஎல்ஃப்டூல்ஸ் அருமையானது. டாட் ஏ கோப்பைப் பிரிக்கும் வேலையை மட்டும் நாம் செய்து கொடுக்கவேண்டும், அதற்கு மேலே சொன்ன 60 பைட் கணக்கே போதுமானது. ரஸ்ட் மொழியில் ஆப்ஜெக்ட் என்ற பெயரிலேயே இருக்கும் தொகுப்பு, டாட் ஏ கோப்புகள் உட்பட எல்லா முக்கிய வடிவங்களையும் படிக்கிறது.

ஒன்றைத்தான் நிறுவ முடியும் என்றால் எல்எல்விஎம்மை, அதுவும் கம்பைலரைவிடப் பழையதாக இல்லாத பதிப்பை நிறுவச் சொல்வேன். டெபியன் 12 இல் அதன் கட்டளைகள் பெயருக்குப்பின் பதிப்பு எண்ணோடும் கிடைப்பதால் 14, 15, 16 என்று பல பதிப்புகளை அருகருகே வைத்துக்கொள்ளலாம். எல்ஃப் உலகில் மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு ரீட்எல்ஃபைவிட நம்பகமான துணை கிடையாது. அயல் செயலியின் கோப்புகளைப் பார்க்க, டெபியனின் வழக்கமான ஆப்ஜ்டம்ப்பைத் தொடாமல், அந்தச் செயலிக்கு நம் கணினியிலிருந்தே நிரல் ஆக்கும் கிராஸ் கம்பைலரோடு வரும் ஆப்ஜ்டம்ப்பை அதன் முழுப் பெயரில் அழைப்பதே நல்லது. கோ மொழியின் லைப்ரரிக் கோப்புகளை மட்டும் இரண்டிடமும் கொண்டுபோக வேண்டாம். வெளித்தோற்றத்தில் டாட் ஏ போலவே இருந்தாலும் உள்ளே இருப்பது கோவுக்கே உரிய ஆப்ஜெக்ட் வடிவம். அதற்கு கோ டூல் என்எம் என்ற கட்டளை தனியாக இருக்கிறது.